இறால் ஷெட்டுக்கு இரண்டு வாசல்

இரண்டு தரப்புக்கு நடுவில் நின்று சம்பளம் வாங்கும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் தெரிந்திருக்கும், முதல் அடி நமக்குத்தான்.

எழுபதுகளில் நான் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ் மாறிக் கோவளத்துக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தேன். இறால் ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனியில் லேபர் ஆபீசர். அங்கே இரண்டு குப்பங்கள். வடக்குக் குப்பத்து விசைப்படகு தெற்குக் குப்பத்து வலையைக் கிழித்ததில் வெட்டுக்குத்தாகி, போலீஸ் முகாம் போட்டிருந்தது. இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் பொதுவாக இறால் உரிக்கும் ஷெட் கட்டினால் பகை தணியும் என்று மீன்வளத் துறை சொல்ல, கம்பெனி ஒப்புக்கொண்டது. சீசனில் ஷெட் ஓடாவிட்டால் மூடிவிட்டு வேறு கரைக்குப் போய்விடுவோம் என்றார் லண்டனிலிருந்து வந்திருந்த மானேஜர் துரை. மூட விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கைகுலுக்கல்

முதல் கூட்டத்தில் யாருக்கு முதலில் கை கொடுப்பது என்று துரைக்குக் குழப்பம். பாரபட்சம் வேண்டாமென்று இரண்டு தலைவர்களுக்கும் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நீட்டிவிட்டார். இடது கை கிடைத்தது தெற்குக் குப்பத்துத் தலைவருக்கு. அவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்ப, நான் மணலில் பின்னாலேயே ஓடிக் கெஞ்சினேன். கடைசியில் அவரே வழி சொன்னார்:

"தொரைய கும்புடச் சொல்லு சார். அதுல பேஜாரு இல்ல."

வாசல்

ஷெட் எழும்பியது. ஒரே வாசல், அதுவும் வடக்குக் குப்பத்தைப் பார்த்து. தெற்கிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. பிளானை மாற்ற மேலிடத்து உத்தரவு வர ஆறு மாதமாகும் என்று மீன்வளத் துறை அதிகாரி கையை விரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல், தெற்குச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தேன். மறுநாள் அதிகாரி பிளானையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாசல்னு எழுதினாத்தானே சார் உத்தரவு வேணும்? காத்தோட்டம்னு எழுதிக்கிறேன்."

கூப்பிட வந்தவர்கள்

இரண்டு வாரம் வேலை நடந்தது. மறுபடி ஒரு வலை கிழிந்தது. இரு குப்பத்து ஆண்களும் தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்துப்போக ஆளுக்கொரு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடமாட்டேன் என்று நான் சத்தம் போட்டேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஷெட் போயிற்று என்றே நினைத்தேன்.

தெற்குக் குப்பத்து ராஜம்மா மட்டும் எழவில்லை. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தது, வடக்கே கட்டிக்கொடுத்த அவள் மகள். சண்டைக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதே இந்த ஷெட்டில்தான். புருஷன் வாசலில் நின்று கத்த, அவள் கையிலிருந்த இறாலைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"எட்டு மாசம் கயிச்சி எம்பொண்ணு மூஞ்சிய பாத்துகினு கீறேன். நீ வோணும்னா போய் சண்ட போடு. நான் வரமாட்டேன்."

எழுந்த பெண்களெல்லாம் திரும்ப உட்கார்ந்தார்கள். சீசன் முழுக்க ஷெட் ஓடியது. கம்பெனியும் அரசாங்கமும் கூடிப் பேசி அமைதியை உண்டாக்கியதாக லண்டனுக்கு ரிப்போர்ட் டைப் அடித்தவன் நான்தான்.