சாகாத உண்ணியும் நானும்

ஊரெல்லாம் உண்ணியைக் கொல்லப் பார்க்கும்போது, அதை உயிரோடு பிடித்துவந்து பத்திரமாக வைத்திருந்து, பிறகு மருந்தில் முக்குவதுதான் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு. "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதும் திருதிருவென்று விழித்திருக்கிறீர்களா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

என் தீர்ப்பு

பெரார்கஞ்ச் லெட்சுமியக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது. அவருக்கு இருப்பது ஒரே பசு. உடம்பெல்லாம் உண்ணி மொய்த்து இளைத்துப்போய், கன்றுக்கே பால் காணவில்லை. நாங்கள் சொன்ன மருந்தை அடித்தும் உண்ணி சாகவில்லை என்று போர்ட் பிளேயரில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "தண்ணி ஜாஸ்தி கலந்திருப்பீங்க" என்றேன், மாட்டைப் பார்க்காமலேயே.

"தெனம் சோத்துக்கு ஒலை வைக்கிறவளுக்குத் தண்ணி அளவு தெரியாதுங்களா மேடம்?"

பொட்டு வைத்த பசு

அந்தக் கேள்வி உறுத்தியது. அவர் மாட்டு உண்ணியையே சோதித்துவிடலாம் என்று கிளம்பினேன். வேண்டியது, ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணிகள். வருகிறேன் என்று போன் செய்ததுதான் தப்பு. போய்ப் பார்த்தால் பசு குளித்து, பொட்டு வைத்து நிற்கிறது. பருத்த உண்ணியெல்லாம் மண்ணெண்ணெய் டப்பாவில் மிதக்கிறது.

"ஆபீஸ்காரங்க வாரப்ப மாட்ட அசிங்கமாவா நிறுத்தி வைப்பாங்க?"

ஃபெரியில்

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய், வேண்டிய மட்டும் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்ப பாம்பூஃப்ளாட் துறையில் ஃபெரி ஏறினேன். வாயில் துணி கட்டிய பாட்டிலில் என்ன என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பெஞ்சே காலி. ஒரு டீச்சரம்மா மட்டும் நகரவில்லை.

"டெய்லி கொண்டாங்க மேடம், சாத்தம் ஜெட்டி போற வரைக்கும் ஆராம்ஸே கால் நீட்டிக்கலாம்."

அளக்கத் தெரிந்தவர்

ஆய்வக உதவியாளர் முருகேசன் சரியான அளவில் மருந்து கலந்து உண்ணிகளை முக்கி எடுத்தார். மருந்து வேலை செய்தால் உண்ணி முட்டையிடக் கூடாது. பத்து நாள் கழித்துத் திறந்தால், முட்டைக் குவியல்! "தண்ணி ஜாஸ்தி" என்று அவரிடமும் சொன்னேன். புது உண்ணிகள் கொண்டுவந்து இந்த முறை நானே கலந்தேன். அதிலும் முட்டை. வேறு வகை மருந்தில் முக்கி எடுத்தவை மட்டும் செத்துக் கிடந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அந்த அம்மாவும் தண்ணி ஜாஸ்தி, நானும் தண்ணி ஜாஸ்தி. இப்ப யாரு மேடம்?"

மறுபடியும் பெரார்கஞ்ச்

புது மருந்தோடு போய், நான் சொன்னது தப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். லெட்சுமியக்கா பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"எம் பேச்சக் கேக்காட்டியும் உண்ணி பேச்சக் கேட்டீங்கல்ல, அது போதும்."

என் அறிக்கையின் முடிவுரையில் இருப்பது, மருந்தடித்தும் உண்ணி சாகவில்லை என்று லெட்சுமியக்கா முதல் நாளே சொன்ன வாக்கியம்தான்; நான் ஆங்கிலத்தில் எழுதியதால் அது ஆராய்ச்சியாகிவிட்டது.