கபனுக்கு ஒரு முழம் கூட

இறந்துபோன மாமாவின் மையத்தைச் சுற்றப் பொலித்தீன் பையில் வந்த கபன் துணி இன்று கால்பக்கம் எட்டவில்லை. அந்தப் புதுத்துணியின் கஞ்சி வாசம், கல்முனைக் கடைத்தெருவின் பழைய மாடிக் கட்டடத்தையும் கடல் தாண்டிவந்து அங்கே துணி விற்ற, எல்லாரும் காக்கா என்று அழைத்த காயல்பட்டினத்துக்காரரையும் நினைவில் கொண்டுவந்தது. சட்டைத் துணியை இரும்புக் கோலால் அளக்கிறவர், கபனை மட்டும் தன் கையால் முழம் போட்டு, ஒரு முழம் கூட வைத்தே கிழிப்பார். என்னையும் கண்ணால் அளந்துவிடுவாரோ என்ற பயத்தில், சிறுவயதில் அந்த வாசலைக் குனிந்துகொண்டே கடப்பேன்.

மாமா அந்தக் கட்டடத்தை வாங்கியதும், "வந்த ஆளுக்கு இஞ்ச என்ன கடை?" என்று காக்காவை அனுப்பிவிட்டு அதை இடித்தார். மாமாவின் உம்மாவுக்குக் கபன் கிழித்ததும் அந்தக் கைதான். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது மாமி அழுகிறார், "காக்காட கடை இரிந்திருந்தா இப்பிடிக் குறையுமா?"

அன்றைக்கல்லவா மாமி இதைக் கதைத்திருக்க வேண்டும்.