செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே எங்கள் அக்கா

அழுதுகொண்டே எழுத வேண்டிய கட்டுரை இது. என்னால் அழ முடியவில்லை, மன்னியுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறுகோளுக்கு எங்கள் அக்காவின் பெயரை வைத்துவிட்டார்கள்!

அக்கா பிறந்தது சேலையூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்துக்கொண்டே, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றபடி போய் இயற்பியல் படித்தவர் அக்கா. சிறுகோள்களின் ஒளியை ஆராய்ந்து அவை எதனால் ஆனவை என்று கண்டுசொல்வதிலேயே வாழ்நாள் கழிந்தது. அத்தனை பெரிய விஞ்ஞானி, தண்ணீர் லாரி வந்தால் முதல் ஆளாகக் குடத்தோடு நிற்பார். கோபம் வரும், காபி ஆறுவதற்குள் போய்விடும்.

அக்காவுக்கு அப்பாவின் அம்மா பெயர். மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் அம்மா அக்காவைக் கடைசிவரை "பாப்பா" என்றே கூப்பிட்டார். ஐம்பத்தாறு வயதுப் பாப்பா! போன வருடம் மருத்துவமனையிலும் அதே "பாப்பா"தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா உடைந்துபோனார். "ஒரு தடவையாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்டி. என் பொண்ணு பேரு என் வாயில வரவே இல்லையே."

சென்ற மாதம், அந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்த, அக்காவின் வெளிநாட்டு நண்பர் வீடியோ காலில் வந்தார். பெயர் ஏற்கப்பட்டுவிட்டதாம்! விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், தாயார் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். அம்மா திருதிருவென்று விழித்தார்.

"நீயே சொல்லிடேன்டி."

"அவர் உன்கிட்டதாம்மா கேக்கறார்."

அம்மா எழுந்துபோய் மாமியார் படத்தின் முன் கைகூப்பினார். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. நான் உங்க பேரைச் சொல்லல. இது கல்லோட பேரு."

திரும்பி வந்து, தெருவுக்கே கேட்கும்படி அக்காவின் பெயரைச் சொன்னார். நண்பர் திருப்பிச் சொன்னார். "அப்படி இல்ல தம்பி, இன்னொரு தடவை கேளுங்க" என்று மறுபடி சொன்னார். நண்பருக்குச் சரியாக வந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கேம்ப் ரோடு நெரிசலில் ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிய எதிர்வீட்டு அண்ணாவுக்கும், மேடவாக்கத்திலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சித்திக்கும், இன்று அக்காவின் நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஓர் உதவி செய்யுங்கள். அக்காவின் பெயர் இந்த நினைவு மலரின் அட்டையிலேயே இருக்கிறது. இருந்தாலும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மாவிடம் போய், "அந்தக் கல்லுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.