மூணு நூல் மூக்கு

செண்பகனூருக்குக் கீழே பெரிய தண்ணீர்க் குழாய்கள் பதிக்கும் வேலை நடந்தபோது, ஒப்பந்தக்காரரின் பண்டகசாலை என் பொறுப்பில் இருந்தது. பாலிடெக்னிக் முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மணல் வீசும் இயந்திரத்தால் குழாயின் துருவைத் தேய்த்தெடுத்து, அன்றைக்கே பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மூடுபனியில் மறுபடி துரு ஏறிவிடும். மழைக்கு முன் பன்னிரண்டு குழாய்கள் முடிய வேண்டும்.

மணல் வெளியே வரும் முனையை ஆட்கள் மூக்கு என்பார்கள். அது தேய்ந்து, மணல் வேகமில்லாமல் விழுந்தது. வாங்கிவர நான் மதுரைக்குப் போனேன். கையில் பட்டியல்: முகமூடிக் கண்ணாடி இரண்டு, ரப்பர் வாஷர் ஆறு, தோல் கையுறை இரண்டு ஜோடி, பழைய மாதிரிப்படி மூக்கு இரண்டு. பஸ் மலை இறங்கும்வரை பக்கத்து இருக்கை அம்மாள் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தார்.

"பழசு இருக்காம்மா?" என்றார் கடைக்காரர். துணியில் சுற்றியிருந்ததை நீட்டினேன்.

"இப்படிக் கொண்டாந்தா சோலி லேசு. நேத்து ஒருத்தர் வெறுங்கையோட வந்து காத்துலயே படம் போட்டுக் காட்டுறாரு."

துளை போடும் துரப்பண ஊசிகளை ஒவ்வொன்றாகப் பழைய மூக்கின் துளைக்குள் விட்டுப் பார்த்து, "மூணு நூலு" என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நானும் விட்டுப் பார்த்தேன். சரியாக நின்றது. அதே அளவில் புது மூக்கு இரண்டு வாங்கி, பட்டியலில் கோடு அடித்தேன்.

சித்தி வீட்டில் தங்கி மறுநாள் திரும்பினேன். புது மூக்கை மாட்டியதும் காற்றழுத்த முள் சரசரவென்று இறங்கியது. மணல் வழிந்தது.

"என்னம்மா, வாசல் தெளிக்கவா வாங்கியாந்தீங்க?" என்றார் இயந்திரம் ஓட்டுகிற பாலசமுத்திரத்துக்காரர்.

"புதுசுல்லண்ணே, கொஞ்சம் வெக்கப்படும்" என்றார் பெயின்ட் அடிப்பவர்.

இயந்திரத்தோடு வந்த குறிப்புப் புத்தகம் பண்டகசாலை அலமாரியிலேயே இருந்தது. மூக்கின் துளை கால் அங்குலம், அதாவது இரண்டு நூல்; அதற்குமேல் அகன்றால் காற்றழுத்தம் நிற்காது என்று போட்டிருந்தது. மணல் தின்று அதை மூன்றாக்கியிருக்கிறது. தேய்ந்ததை மாதிரியாகக் கொடுத்து, அந்தத் தேய்மானத்தையே புதிதாக வாங்கி வந்திருக்கிறேன்.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லிருங்கம்மா" என்றார் பாலசமுத்திரத்துக்காரர்.

"இல்லைங்க, அவரு கேட்டதைத்தான் குடுத்தாரு. நாந்தான் தப்பா கேட்டேன்."

பொறியாளரிடமும் அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. நாளை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நூல் மூக்கோடு நான் திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மணல் இயந்திரத்தில் இறங்காது. கொட்டகைக்குள் தகரத்தைப் போட்டு, அடியில் தீ மூட்டி, மண்வெட்டியால் மணலை வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வெரசாக் குடுங்கம்மா, வெளிச்சம் போயிரும்" என்று பாலசமுத்திரத்துக்காரர் மூக்கை வாங்கி மாட்டினார்.

முள் இறங்காமல் நின்றது. மணல் சீறியது. வறுத்த மணல் ஒரு குழாய்க்குத்தான் போதுமானதாக இருந்தது. அதற்கு மட்டும் கொட்டகைக்குள் வைத்துப் பெயின்ட் அடித்தார்கள். நான் சாக்கின்மேல் உட்கார்ந்து ஈரச் செருப்பைக் கழற்றினேன். மீதிப் பதினொன்றும் வெளியே மழையில் கிடந்தன. அந்த வருஷம் அவற்றைத் தொடவே முடியவில்லை.