பாக்கியம் அக்கா வாங்கிவந்த அரிசி

வெயில் ஏறியும் பாக்கியம் அக்கா வாசலில் கோழிக்கூடை கவிழ்த்தபடியே இருந்தது. உள்ளே கோழிகள் முட்டிக்கொண்டு கத்தின. அதைத்தான் முதலில் பார்த்தேன். கூடையைத் தூக்கிவிட்டு, "அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்த அம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல்லயே போயிட்டாடி" என்றாள்.

அக்கா என்றால் நடவு வயலில் அவர் செய்யும் கேலிதான் இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பலருக்கு நினைவு வரும். எனக்கு இந்த வருஷம் நடந்ததுதான் வருகிறது.

அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டதால் பண்ணையார் எங்கள் தெருவுக்கு வேலை இல்லை என்று சொல்லி, வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். கூலி நெல் நின்றுபோனது. எல்லா வீட்டிலும் ரேஷன் கார்டு இருந்தது. ஆனால் யாரும் அரிசி வாங்கப் போகவில்லை. கடை பண்ணை வீட்டுக்கு எதிரே இருந்தது. யார் பையோடு வருகிறார்கள் என்று பார்க்கவே பண்ணையின் காரியக்காரர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

"அவன் கண்ணு முன்னால பையை விரிச்சா, நாம தோத்துட்டோம்னு அர்த்தம்." தெருக்கூட்டத்தில் இதைச் சொன்னவர் என் அப்பா.

அக்கா எழுந்தார். "ஏண்ணே, அவரு களத்துலேருந்தா அந்த அரிசி வருது? சர்க்காரு நமக்குன்னு அனுப்புறது. அதை எலிக்கு விட்டுட்டு ஜெயிச்சோம்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

மறுநாள் முட்டை விற்ற காசோடு அக்கா தனியாகப் போனார். கடையை ஒட்டிய வாய்க்கால் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"என்ன பாக்கியம், உங்க தெருவே வைராக்கியமா இருக்குன்னாங்க?" என்றார் காரியக்காரர்.

"இருக்குங்க. அதைத்தான் ஆக்கித் தின்னு பார்த்தோம், வேகலைங்க."

கடைக்காரரே சிரித்துவிட்டார். எங்கள் தெரு சிரிக்கவில்லை. குழாயடியில் அக்கா வந்தால் குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளைகள் கொல்லைப்பக்கமாக அவர் வீட்டுக்குப் போனார்கள். என் தம்பியும் போனான். கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வாயைக் கழுவிட்டுப் போடா. ரேஷன் அரிசி வாசனை உங்கப்பனுக்குத் தெரிஞ்சுரும்" என்பார். அவர் சாப்பிட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாடையைத் தூக்கியவர்கள் கனமே இல்லை என்றார்கள்.

பாடையைத் தூக்குவதற்கு முன்னால்தான் அது நடந்தது. குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு வாய்க்கரிசி கேட்டார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசி இல்லை. அம்மாதான் அக்காவின் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் கிடந்தது. பழுப்பேறிய, கல் கலந்த, அவர் ஒருவரே போய் வாங்கிவந்த அரிசி. குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள் வரிசையாக வந்து அதையே அள்ளி அவர் வாயில் போட்டார்கள். அப்பாவின் முறை வந்தபோது பாதி அரிசி தரையில் சிந்தியது. அதைக் கூட்டி எடுக்க யாருக்கும் துணிவில்லை.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். கொல்லைப்பக்கம் இலை அசைந்தால் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். தம்பி தூக்கத்தில் புறங்கையால் வாயைத் துடைக்கிறான். அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பையோடு நடுத்தெருவில், தலையைக் குனியாமல் அவர் நடந்து வந்தது மட்டும் இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் ரேஷன் போட்டார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையில் செருகியிருந்த கார்டை உருவி எடுத்துக்கொண்டு, கடைக்கு நடந்தேன்.