எண்ணெய் ஆகாத இயந்திரம்

அந்தக் குடும்பத்தில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்தவர்கள் பலர் உண்டு. பழுதானது என்று தெரிந்தே ஒன்றை வாங்கி வண்டியேற்றி வந்தவர் திருமூர்த்தி ஒருவர்தான்.

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன்களில் அவர் பெயர் பெற்ற ஃபிட்டர். தறி நின்றுபோனால் ஆள் அனுப்புவார்கள். போவார், பார்ப்பார், எண்ணெய் விடுவார், தறி ஓடும். முக்கால்வாசி நோய்க்கு அதுவே மருந்து என்று அவர் சொல்வதுண்டு.

1994ஆம் ஆண்டு ஆனியில், தறிக்கு ஒரு பழைய மோட்டார் தேடிப் பெருந்துறைக்குப் போனவர், இரும்பு வியாபாரியின் கிடங்கில் நான்கு கால்களோடு நின்ற ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கண்டார். ஏதோ பொருட்காட்சிக்காரர் போட்டுவிட்டுப் போன பின்பால் இயந்திரம் அது. கண்ணாடிக்கு அடியில் சரிவான பலகை, அதில் உருளும் எஃகுக் குண்டு, குண்டைத் தட்டியனுப்ப இரண்டு துடுப்புகள், மோதினால் மணியடிக்கும் குமிழ்கள். எதுவும் அசையவில்லை. ஆயினும் பலகையின் அடிப்புறத்தைத் தூக்கிப் பார்த்தவருக்கு, அங்கிருந்த கம்பிகளையும் சுருள்களையும் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் அது இறங்கியதைப் பார்த்த மனைவி பாப்பாயி, "மோட்டாரு வாங்கப் போறேன்னு போய்ப்போட்டு, கட்டலத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே!" என்றார்.

கட்டிலுக்கே இடமில்லாத வீடு அது. இடம் இருந்தது அண்ணன் பாலுசாமியின் தறிக்குடோனில். ஆனால் பாகம் பிரித்ததில் ஏற்பட்ட மனத்தாங்கலால் அண்ணனும் தம்பியும் இரண்டாண்டுகளாக நேருக்கு நேர் பேசுவதில்லை. பாப்பாயிதான் போய்க் கேட்டார். பாலுசாமி, மூன்று முழத் தொலைவில் நின்ற தம்பியைப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"அம்மணி, உன்ற ஊட்டுக்காரங்கிட்டச் சொல்லு. வடக்கு மூல சும்மாத்தான் கெடக்குது, வெச்சுக்கட்டும். நூலுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது."

"செரிங்க மாமா, சொல்லறேனுங்க" என்று பாப்பாயியும், திருமூர்த்தி அங்கே இல்லாததுபோலவே விடையளித்தார்.

இரண்டாண்டுகளுக்குப் பின் திறந்த கதவு அது. நூலுக்கு ஒரு கேடு வந்தால் மீண்டும் ஒருபோதும் திறக்காது என்பதைத் திருமூர்த்தி நன்கு அறிந்திருந்தார். அந்த மூலைக்கு இரண்டடி தள்ளித்தான் பாவு நூல் சுற்றிய உருளைகள் வரிசையாகக் கிடந்தன.

ஆகவே அவர் தன் கைத்திறமையை மட்டும் நம்பவில்லை. கோவை கோட்டைமேட்டில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் ரிஃபத்தை அழைத்து வந்தார். ரிஃபத் இயந்திரத்தின் முதுகைத் திறந்ததும் எலிக்கூடு ஒன்று பொத்தென்று விழுந்தது. கம்பிகளின் மேலுறையை எலி கடித்துத் தின்றிருந்தது.

"மூர்த்தியண்ணா, பிளக்கச் சொருகிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க பாய். பயமா இருந்துச்சு."

"அந்தப் பயந்தான் உங்களையும் இதையும் காப்பாத்துச்சு. இது அமெரிக்காக் கரண்டுக்குச் செஞ்சது. நம்ம கரண்ட நேராக் குடுத்தா அப்பவே பொசுங்கியிருக்கும். எர்த்தும் இல்ல, தொட்டிருந்தா உங்களையும் ஒரு தூக்குத் தூக்கியிருக்கும்." பிறகு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தை விளக்கடித்துக் காட்டிச் சிரித்தார். "முந்தி வெச்சிருந்த மகராசன் சிகரெட்டு ஜிகினாத் தாளச் சுருட்டி வெச்சிருக்கான் பாருங்க!"

மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், எர்த் கம்பி, அளவான ஃபியூஸ் என ஒவ்வொன்றாக ரிஃபத் பொருத்தினார். கிளம்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். "எண்ணெய் மட்டும் உட்டுப்போடாதீங்க."

"ஓடற சாமானுக்கு எண்ணெய் இல்லாம எப்படிங்க?"

"இதுக்கு ஆகாதுங்க. காயிலுக்குள்ள போற இரும்புத் தண்டு காஞ்சபடியேதான் ஓடோணும். எண்ணெய் பட்டா பஞ்சுத் தூசியோட சேந்து பசையாயிரும். உள்ள போன தண்டு திரும்பி வராது. காயிலு சூடேறித் தீப் புடிச்சுக்கும்."

திருமூர்த்திக்கு அது நம்ப முடியாத சட்டமாகத் தோன்றியது. ஆனாலும் கீழ்ப்படிந்தார். பழக்கத்தில் கை போய்விடக் கூடாதென்று எண்ணெய்க் கேனை அண்ணனின் தறிகளுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்.

ஆனால் முதல் இழப்பு வேறு வழியில் வந்தது. இயந்திரத்தின் பின்புறக் கண்ணாடியில் குதிரையேறிய வீரன் ஒருவன் தீட்டப்பட்டிருந்தான். உதவி செய்வதாக எண்ணிப் பாப்பாயி அதை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தார். பழைய சாயம் துணியோடு வந்துவிட்டது.

"குதர இருக்குதுங்க, ஆளக் காணமுங்க" என்று கலவரத்துடன் வந்து சொன்னார்.

"எறங்கி டீக் குடிக்கப் போயிருப்பான், உடு" என்றார் திருமூர்த்தி. மனம் வலித்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

ஆவணியில் மணி அடித்தது, புரட்டாசியில் துடுப்புகள் துடித்தன. ஆயுத பூஜையன்று உறவினர் முன்னிலையில் ஓட்டிக் காட்டுவதென்று முடிவாயிற்று.

அன்று காலை அவர் பொரியும் பழமும் வாங்கக் கருமத்தம்பட்டிக்குப் போய்த் திரும்பியபோது, குடோனில் எல்லாத் தறிகளும் துடைத்து எண்ணெயிட்டுப் பொட்டு வைக்கப்பட்டிருந்தன. பின்பாலின் நான்கு கால்களிலும் சந்தனப் பொட்டு இருந்தது. பாப்பாயியின் வேலை என்று நினைத்து மகிழ்ந்தார்.

பிற்பகலில் ஓட்டிப் பார்த்தபோது ஃபியூஸ் போயிற்று. மாற்றினார். அதுவும் போயிற்று. கையிருப்பு அத்தோடு தீர்ந்தது, கடைகளும் அடைத்திருந்தன. தறிக்குடோனில் ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள், மறுபடி போனால் இன்னொரு சுற்றுச் சேர்ப்பார்கள். இன்று ஒரு நாளைக்குத்தானே என்று அவர் கையும் அதையே செய்தது. சிகரெட்டுத் தாள் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

மாலையில் பூஜை முடிந்து உறவினர் சூழ்ந்து நின்றதும் பாப்பாயி கற்பூரத் தட்டோடு வந்து, "மாமா, மொதக் குண்டு நீங்க உடுங்க" என்றார். பாலுசாமி சற்றுத் தயங்கி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். குண்டு ஏறிற்று, குமிழில் மோதிற்று, மணி அடித்தது.

"அட, கன்னுக்குட்டியாட்டத் துள்ளுதே!"

துள்ளிய குண்டு மீண்டும் அதே குமிழில் மோதியபோது, குமிழ் இழுத்த இழுப்பில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு முனகல் கேட்டது. பிறகு வார்னிஷ் கருகும் நாற்றம். பலகையின் விளிம்பில் புகை கிளம்பி, அடியில் ஒரு மஞ்சள் நாக்கு நீண்டது.

பாலுசாமி ஓடிப்போய் மெயினை இறக்கினார். குடோன் இருண்டது. பாப்பாயியின் தட்டில் எரிந்த கற்பூரமும் பெட்டிக்குள் எரிந்த நெருப்பும்தான் வெளிச்சம். திருமூர்த்தி நூலைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்க்கவில்லை. வாசலில் தொங்கிய மணல் வாளியை எடுத்துவந்தார், கண்ணாடியை உருவினார், பலகையைத் தூக்கினார், மூன்று மாத உழைப்பின்மேல் மணலை முழுவதுமாகக் கொட்டினார்.

நெருப்பு அவிந்தது. பாலுசாமி டார்ச்சை அடித்து ஒவ்வொரு உருளையாகத் தடவிப் பார்த்தார். ஒரு நூல்கூடக் கருகவில்லை. ஆனால் தம்பியின் பக்கம் திரும்பாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். கதவு மீண்டும் மூடிக்கொண்டதாகப் புரிந்துகொண்ட திருமூர்த்தி, மறுநாள் காலையிலேயே வண்டிக்குச் சொல்லியனுப்பினார்.

வண்டிக்கு முன்பே, செய்தி கேட்ட ரிஃபத் வந்து சேர்ந்தார். மணலை வாரிவிட்டுக் கருகிய காயிலுக்குள் விரலை விட்டு, வெளியே எடுத்து முகர்ந்தார்.

"மூர்த்தியண்ணா, சொல்லச் சொல்ல எண்ணெய் உட்டிருக்கீங்களே!"

"சத்தியமா நான் உடலீங்க பாய். கம்பி சுத்துனது நாந்தான், ஒத்துக்கறேன். எண்ணெய் உடலீங்க."

"பின்ன யாருங்க, எலியா வந்து உட்டுச்சு?"

"நாந்தான் உட்டேன்" என்றது வாசலில் ஒரு குரல்.

பாலுசாமி கையில் எண்ணெய்க் கேனோடு நின்றிருந்தார். இருவரும் திரும்பிப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "என்னைய எதுக்குப் பாக்கறீங்க? ஆயுத பூசையன்னைக்கு ஊட்டு மெஷினு ஒண்ணு எண்ணெய் காணாமக் கெடந்தா எப்படி? எல்லாத் தறிக்கும் உட்டேன், பொட்டு வெச்சேன், இதுக்கும் உட்டேன், வெச்சேன். ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் நிலையில் அண்ணனும் தம்பியும் இல்லை. திருமூர்த்தி குனிந்து, இயந்திரத்தின் காலில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். 'ஊட்டு மெஷினு' என்ற சொல் அவருக்கு மெல்லத்தான் உறைத்தது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அது எதுக்கு?" என்றார் பாலுசாமி.

"மெஷின எடுத்துப்போடலாம்னுங்ணா. நூலுக்கு ஆபத்து."

"டேய் மூர்த்தி," என்றார் அண்ணன், நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்து. "நூல நான் தெக்கால எடுத்து வெச்சுக்கறேன். மெஷினு இங்கயே இருக்கட்டும். வண்டிக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு. அப்பறம் வந்து உருளைக்கு ஒரு கை புடி."

திருமூர்த்தி வண்டிக்காரரிடம் போனார். உள்ளே ரிஃபத், பாலுசாமியின் கையிலிருந்த எண்ணெய்க் கேனைப் பணிவோடு வாங்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.