டிரில் சாரு போட்ட கையெழுத்து

எங்க வீட்டுக்காரரு வைகுண்டராஜன் நெய்யூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டிரில் சாரு. "கையத் தூக்கு, கால நீட்டுன்னு சொல்லதுக்கெல்லாம் சம்பளமா?"ன்னு நானே கேலி பண்ணுவேன். சிரிப்பாரு.

அங்க கடப்புறத்துப் பிள்ளையளுக்கும் வயக்காட்டுப் பிள்ளையளுக்கும் ஆகவே ஆகாது. கிளித்தட்டு ஆடினா அடிதடியிலதான் முடியும். மண்ணுல கோடு போட்டு, கோட்டுக்கு ஒருத்தன் மறிச்சு நிப்பான்; மத்தவன் அவன் கை படாமத் தாண்டணும். பட்டிச்சா படலையான்னுதான் சண்டையே. இவரு ஒரு சட்டம் போட்டாரு. பட்டவனே "பட்டேன்"னு சொல்லணும். தொட்டவன் அவன் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வரணும். ஒருத்தனும் பழிக்கக் கூடாது. "ஆமா, வெளங்கும்!"னேன். ஒரு வருசம் பிடிச்சுது, ஆனா பயலுவ சொன்னானுவளே! எனக்கே ஆச்சரியம்.

ஐம்பத்துநாலுல, அப்போ மலையாள ராச்சியத்துல கெடந்த நம்ம தாலூக்காவத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு ஊர்வலம். இவரும் போனாரு. மறுவாரம் பள்ளிக்கூட மேனேஜர் ஒரு தாள நீட்டினாரு: ஊர்வலத்துக்குப் போகலன்னு கையெழுத்துப் போடணும், இல்லேன்னா வேலை கிடையாது.

எனக்கு அப்போ ஏழு மாசம். மூத்தது ரெண்டும் கைக்கொழந்தைய மாதிரிதான். "உங்க நேர்மைய உலையிலயா போட முடியும்? நாங்க எங்க போய்ச் சாவ?"ன்னு கத்தினேன். நாலு நாளு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாரு. அஞ்சாம் நாளு போட்டாரு. விசயம் பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சுபோச்சு.

அடுத்த ஆட்டத்துல மரியான்னு ஒரு குளச்சல் பயலு மேல கை பட்டிருக்கு. வாயத் தொறக்கல. "ஏலே, பட்டிச்சா?"ன்னு இவரு கேக்க, அவன் மரியாதையாத்தான் சொன்னானாம்: "சாரு, ஊர்வலத்துல நான் உங்க பொறத்தாலதான வந்தேன்?"

இவரு அதுக்குப் பொறவு கிளித்தட்டையே நிப்பாட்டிட்டாரு. வேலைய விட்டுட்டுப் போவவும் வழியில்ல, அடுத்தடுத்துப் பிள்ளைய. இருபது வருசம் அதே மைதானத்துல, அந்தப் பயலுவ தம்பிமாரு மொகத்தப் பாத்து நின்னாரு.

எங்கிட்ட ஒரு நாளும் கோவப்படல்ல. நான் பேச்செடுத்தா, "பாவம், நீ என்ன செய்வ வடிவு"ம்பாரு. "ஏட்டி, எல்லாம் உன்னாலதான்"னு ஒரு தடவையாவது ஏசியிருக்கலாம் அந்த மனுசன்.